எந்தப் பக்கம் விழும்?

டீக்கடை மேசையில் கண்ணாடி கிளாஸ் சும்மா நின்றால் அவருக்குப் பொறுக்காது. ஒற்றை விரலை விளிம்பில் வைத்து மெல்லச் சாய்ப்பார். அடிப்பாகத்தின் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு, விழவா வேண்டாமா என்று கிளாஸ் யோசிக்கிற இடம் ஒன்று வரும். அங்கே விரல் நின்றுவிடும். “இங்கதான்,” என்பார் எங்களைப் பார்த்து. அதன் பிறகுதான் டீ தொண்டைக்குள் இறங்கும்.

எங்கள் பட்டறைக்கு எதிரே அந்த டீக்கடையைப் போட்டிருந்தவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

“மேடம், சும்மா நிக்கிற கிளாஸச் சீண்டுனா சுடுறது நம்ம தொடைதான்.”

“சும்மா நிக்கிதுன்னு நீங்க சொல்றீங்க அண்ணாச்சி. அது எம்புட்டுக் கஷ்டப்பட்டு நிக்கிதுன்னு அதுக்குத்தான் தெரியும்.”

டீக்கடைக்காரர் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே, “படிச்சவுக பேச்சு பால் மாதிரி. பொங்குற வரைக்கும் என்னன்னு தெரியாது,” என்று என் காதில் சொன்னார். எனக்கு அந்த இரண்டு பேச்சுமே பிடித்துப் போயிற்று.

ராஜபாளையத்தில் எங்கள் பட்டறை தண்ணி லாரிக்கு டேங்க் கட்டும், டிப்பருக்குத் தொட்டி கட்டும். அங்கே டிசைன் இன்ஜினீயர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தது இந்த மேடம்தான் முதல். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சென்னையில் ஒரு கம்பெனியில், துறைமுகங்களில் கண்டெய்னர் தூக்கும் ராட்சச வண்டிகளை வரைந்துகொண்டிருந்தவர். அதே வண்டியை நம் ஊர் மில்லுகளுக்கு ஏற்ற மாதிரி சின்னதாகச் செய்ய வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். தினமும் காலை பஸ்ஸில் வருவார், சாயங்காலம் பஸ்ஸில் போவார். பஸ்ஸிலும் உட்கார மாட்டார். வளைவில் ஜனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நான் அப்போது டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து காலி கண்டெய்னரைக் கொண்டுவந்து மில்லு யார்டில் நிறுத்தினால், அதில் நூலும் பேண்டேஜ் துணியும் ஏற்றி முடிக்கிற வரை வேப்பமரத்தடியே கதி. கண்டெய்னரை இறக்கிக் கீழே வைக்க ஏதாவது இருந்தால் வண்டி பாட்டுக்கு அடுத்த சோலிக்குப் போய்விடும். கிரேன் கூப்பிட்டால் அது வருகிறேன் என்று சொன்ன நாளில் வராது. எங்கள் பிழைப்பில் பாதி காத்திருப்புத்தான். அப்படிக் காத்துக் கிடந்த ஒரு மத்தியானம் அவர் என் வண்டிப் பக்கம் வந்து நின்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, லோடோட திரும்பும்போது பயம் எங்க வரும்?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். “இடது பக்கம் ஒடிச்சா வலது முழங்கையில வரும் மேடம். மொதல்ல முழங்கை குளுந்து போகும். பொறவுதான் மனசுக்குத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. தன் வலது முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவர் செய்யப்போகிற வண்டியை ஓட்டிப் பார்க்கிற ஆள் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குத் தேர் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர் பார்க்கிற தினுசுதான் வேறு. எல்லோரும் அண்ணாந்து கும்பிட, இவர் குனிந்து நிற்பார். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அவருடைய அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். ஒரு ஆடிப்பூரத்துக்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டபோது சொன்னார்: “ஊரெல்லாம் நாச்சியாரச் சேவிக்க வருது. இவ சக்கரத்தச் சேவிக்க வாறா.”

“நாச்சியார் பத்திரமா நிலைக்கு வரணும்ல அப்பா. மேல பாக்கத்தான் இம்புட்டுப் பேரு இருக்காகளே,” என்றார் அவர், சாம்பார் வாளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தபடி.

அவருடைய அம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான். அடுப்படியில் குடத்தின் மேல் குடம், அதன் மேல் சின்னக் குடம் என்று என் மனைவி அடுக்கி வைத்திருப்பாள். இவர் போய் நடுக் குடத்தை ஒரு விரலால் தள்ளினார். என் மனைவிக்கு வந்ததே கோபம்.

“விழுந்தா சத்தம் போடும், எடுத்து வச்சிக்கிருவேன். இதுக்கு ஒரு இன்ஜினீயரு வேணுமாக்கும்?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நெசந்தான்க்கா. விழுந்தா எடுத்து வச்சிக்கிறதுக்கெல்லாம் நான் எதுக்கு? விழுந்தா எடுக்க முடியாததுக்குத்தான் நான்.”

துறைமுகத்தில் ஏதாவது விபத்தைக் கண்ணால் பார்த்தவரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். “பாத்ததில்ல அண்ணாச்சி. பாக்காம இருக்கத்தான் இம்புட்டும்,” என்றார். அதற்கு மேல் அதில் தோண்ட ஒன்றும் இல்லை. சிலருக்குச் சங்கீதம், சிலருக்குச் சமையல். இவருக்கு விழுவது.

இப்போது அவர் கடல் தாண்டி ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வண்டி வரைகிறார். நல்ல நாள் பெரிய நாளைக்குப் போன் பண்ணுவார். எடுத்ததும் சௌக்கியமா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. “என்ன விழுந்துச்சு அண்ணாச்சி?” என்பார். ஒன்றும் விழவில்லை என்றால் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் கேட்கும். அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு உயரமான இரும்புக் கால்கள், காலுக்கு ஒரு சக்கரம், மேலே சட்டம். இடது முன்னங்காலில் டிரைவருக்குக் கூண்டு. டிரெய்லர் மேல் இருக்கும் கண்டெய்னரை அப்படியே கால்களுக்கு நடுவில் விட்டு, நான்கு மூலையிலும் கொக்கி மாட்டித் தூக்கிக்கொள்ளும். டிரெய்லர் அடியிலிருந்து கழன்று போய்விடும். வண்டி கண்டெய்னரோடு நடந்து போய் வேண்டிய இடத்தில் இறக்கி வைக்கும். சரக்கு ஏற்றியானதும் மறுபடி தூக்கி டிரெய்லரில் வைக்கும். பட்டறையில் அதற்கு ‘ஒட்டகம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது. “ஒட்டகம்னா பரவால்ல. ஒட்டகச்சிவிங்கின்னு சொல்லிராதீங்க. தலை கனக்கக் கூடாது,” என்பார்.

உயரமானது எதுவும் அவருக்கு எதிரி. கூண்டை இறக்கினார், மோட்டாரை இறக்கினார், பேட்டரியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். தூக்கியது ஊஞ்சலாடினால் வண்டியையும் சேர்த்து இழுக்கும் என்று, கண்டெய்னரின் இரு பக்கமும் உரசி நிற்கிற மாதிரி உருளைகள் வைத்தார்.

ஒட்டகத்தை நம்பித்தான் பட்டறை அந்த வருஷம் டேங்க் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தது. மில்லுக்காரர்கள் பார்த்துச் சரி என்றால் இன்னும் பல ஒட்டகங்கள் செய்யலாம். இல்லை என்றால் முதலாளி மறுபடி தண்ணி டேங்குக்கு, அவர் மறுபடி சென்னைக்கு.

பட்டறை முற்றத்தில் முதல் ஓட்டம். கண்டெய்னர் முழுக்க மணல் மூட்டைகளைச் சமமாக அடுக்கித் தூக்கினோம். ஒட்டகம் கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் நடந்தது. முதலாளி லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இன்ஜினீயர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்டெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, தின்னும்மா. நின்னுருச்சுல்ல,” என்றார் முதலாளி.

“மணல் மூட்டை நாம சொன்ன எடத்துல ஒக்காரும் சார். மில்லுச் சரக்கு அப்படியா?”

மறுநாளிலிருந்து அவரைப் பட்டறையில் காணோம். எந்த மில்லு எங்கள் ஒட்டகத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்ததோ, அந்த யார்டில் போய் உட்கார்ந்துவிட்டார். சரக்கு ஏற்றுகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார். நானும் ஒருநாள் கூடப் போனேன்.

அங்கே லோடு ஆட்களுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. மம்சாபுரத்துக்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர்கள் ஏற்றுகிற முறை இது: பேண்டேஜ் துணிச் சுருள்கள் பார்க்கத்தான் மலை, தூக்கினால் காற்று. அவற்றை முதலில் கண்டெய்னரின் உள்கோடியில் திணிப்பார்கள். நூல் அட்டைப்பெட்டிகள் கல்லாகக் கனக்கும். அவற்றைக் கடைசியில் கதவோரம் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆக மொத்தக் கனமும் கதவுப் பக்கம்; ஒட்டகம் தூக்கினால் அது வண்டியின் பின்பக்கம்.

“ஏன் அண்ணாச்சி கனத்தையெல்லாம் வாசல்ல வைக்கீங்க?” என்று அவர் கேட்டார்.

மம்சாபுரத்துக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். வேர்வை சொட்டியது. “உள்ள போய் செத்த நேரம் நின்னு பாருங்க தாயி. தகரப் பொட்டி, மேல வெயிலு. பணியாரச் சட்டி. அதுக்குள்ள கனத்தத் தூக்கிட்டுக் கோடி வரைக்கும் எவன் போவான்? துணிய உள்ள விட்டு, நூல வாசல்ல வச்சா சோலி முடிஞ்சிது.”

அவர் நிஜமாகவே உள்ளே போனார். நாங்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது முகம் செக்கச் சிவந்திருந்தது. “நியாயந்தான்,” என்றார்.

பட்டறைக்கு வந்ததும் சண்டை. அவர்கள் ஏற்றுகிற மாதிரியே ஏற்றி, மில்லுக்காரர்கள் முன்னால் ஓட்ட வேண்டும் என்கிறார் இவர். முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு; பதறினால் அது முன்னால் வந்துவிடும், ‘தாயே’ என்பது ‘தல்லீ’ ஆகிவிடும்.

“அம்மா தல்லீ! ஒழுங்கா அடுக்குங்கடான்னு சொன்னா அடுக்கிட்டுப் போறாங்க. இதுக்குப் போயா?”

“சொன்னா அடுக்குவாங்க சார். நாம நிக்கிற வரைக்கும்.”

“எந்தப் பக்கம் விழும்னு தெரியுமா?”

“கதவுப் பக்கம். திரும்பும்போது.”

“தெரிஞ்சே ஓட்டுவியா?”

“தெரியாம அவங்க ஓட்டுறதுக்கு, தெரிஞ்சு நாம ஓட்டிருவோமே.”

முதலாளி டீ சொல்லி அனுப்பினார். அவர் கையிருப்பில் இருந்த கடைசி ஆயுதம் அது.

விழப்போகிற வண்டியில் உட்காரப்போவது நான். இன்ஜினீயர் அதை மறக்கவில்லை. பின்பக்க மூலைகளில், தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிற மாதிரி, குட்டைக் கால்கள் இரண்டு ஒட்டச் சொன்னார். காவல்கால் என்று பெயர். வண்டி சாய்ந்தால் அது தரையில் ஊன்றிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இடுப்பிலும் தோளிலும் பெல்ட். ஓட்டத்துக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து என் மனைவி முன்னாலேயே சொன்னார்: “அண்ணாச்சி, சாய்ஞ்சா குதிக்காதீங்க. என்ன ஆனாலும் குதிக்காதீங்க. குதிச்சவன் மேலதான் வண்டி விழும். சீட்டோட இருக்கவன் பொழச்சுக்குவான்.”

என் மனைவி முறைத்தாள். “விழும்னும் சொல்லுதீக, ஒக்காரவும் சொல்லுதீக. எந்த ஊரு நியாயம் இது?”

“காவல்கால் பிடிக்கும்க்கா. அது பிடிக்கும்னு தெரியாட்டி நானே ஒக்காந்திருப்பேன், அண்ணாச்சிய விட மாட்டேன்.”

என் மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சோறு போட எழுந்தாள்.

யார்டுக்குப் பொறுப்பாளர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வாங்குவதா வேண்டாமா என்பது அவர் வாயில் இருந்தது. மம்சாபுரத்துக்காரர் ஆட்கள் அவர்கள் வழக்கப்படி ஏற்றினார்கள். இன்ஜினீயர் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு குஞ்சுகூட வரக்கூடாது என்றார்.

தூக்கினேன். தூக்கும்போதே ஸ்டீயரிங் கையில் இல்லை. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமல், கலியாண வீட்டுக்கு வந்த பகையாளி மாதிரி ஒதுங்கியே ஓடியது. சாக்கடை மூடிப் பக்கம் தரை கொஞ்சம் சரிவு. அங்கே இடது பக்கம் ஒடித்தேன். வலது முழங்கை குளிர்ந்தது. அதற்குள் கூண்டு மேலே போனது. என் பக்கத்து முன்னங்கால் காற்றில். கீழே ஒரே அலறல். குதி, குதி என்று முதலாளியே கத்துகிறார். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல்: “குதிக்காதீங்க!”

டம் என்று காவல்கால் ஊன்றியது. ஒட்டகம் சாய்ந்தபடியே நின்றது.

மெல்ல இறக்கி, நான் கீழே வந்தபோது மில்லு மேலிடத்திலிருந்து பார்க்க வந்திருந்தவர்கள் காரேறிப் போயிருந்தார்கள். சுபேதார் மட்டும் நின்றார்.

“ஏம்மா, இது கவுறும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே எங்க முன்னாடி ஓட்டிக் காட்டுன?”

“என்னிக்கின்னாலும் ஒங்க யார்டுல கவுறும் சார். காவல்கால் இருக்கும்போதே கவுந்துட்டா நல்லதுல்ல?”

சுபேதார் மீசையைத் தடவினார். “கவுறாததக் கொண்டாந்து காட்டு. பொறவு பேசுவோம்,” என்று போய்விட்டார்.

மறுநாள் காலை முதலாளி பட்டறைக்கு வந்தபோது, இன்ஜினீயர் ஒட்டகத்தின் சட்டத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தார். அறுக்கப்போகிறார். கால்களைத் தள்ளி வைத்து வண்டியை நீட்ட வேண்டும். “நல்லா நிக்கிற வண்டிய அறுக்கியே,” என்றார் முதலாளி. “நல்லா நிக்கலயே சார்,” என்றார் அவர் கண்ணாடியைத் துடைத்தபடி. கேஸ் கட்டரை அவரே பற்ற வைத்தார்.

மில்லு யார்டில் திரும்ப முடிகிற அளவுக்குத்தான் நீட்ட முடிந்தது. மிச்சத்துக்கு அவர் ஒட்டகத்துக்கு ரோஷம் கொடுத்தார். ஒரு சாண் தூக்கியதும் நான்கு காலிலும் எவ்வளவு கனம் என்று அதுவே பார்க்கும். கதவுப் பக்கம் அளவுக்கு மேல் கனத்தால் ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். நீங்கள் லீவரோடு மல்லுக்கட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. இதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. யாருமே கேட்காத ஒன்றையும் செய்தார். வரிசையாக உருளை பதித்த நீள ஏணி போல ஒன்று. மடித்தால் சின்னது, விரித்தால் கண்டெய்னரின் உள்கோடி வரை எட்டும்.

“வண்டி கேட்டா வண்டியோட சீதனமும் குடுக்கியா?” என்றார் முதலாளி.

“மாப்பிள்ள வீட்டுல வெக்கை ஜாஸ்தி சார்.”

மறுபடி அதே யார்டு. அதே சரக்கு, அதே மாதிரி கதவோரம் நூல். தூக்கினேன். ஒரு சாண் ஏறியதும் ஒட்டகம் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. லீவரை இழுத்தேன். ம்ஹூம். லோடு ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். “ஒட்டகம் மொரண்டு பிடிக்குலேய்!”

சுபேதார் சிரிக்கவில்லை. “என்னம்மா இது, தூக்கலயே?”

“தூக்காது சார்.”

“தூக்காத வண்டி எதுக்கும்மா? அந்தச் சுவிட்சக் கழத்தி விடு. மத்தபடி வண்டி அருமையா இருக்கு. இன்னிக்கே வச்சுக்கிடுதேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஒரு ஸ்பேனர் போதும். நாலு திருகு. பட்டறை பிழைத்துவிடும்.

“கழத்துனா இது நான் செஞ்ச வண்டி இல்ல சார்,” என்றார் அவர். குரல் உயரவே இல்லை. “வண்டியப் பட்டறைக்கே கொண்டு போயிருதேன். இன்னும் நல்லா செஞ்சு கொண்டு வாரேன். கழத்தி மட்டும் தர மாட்டேன்.”

“பிடிவாதமா?”

“ஆமா சார்.”

மம்சாபுரத்துக்காரர் செருமினார். “ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா? மேல ஒக்காருதது அண்ணாச்சி. அடியில நடமாடுதது நாங்க. அன்னிக்கு அந்தக் கோடு போடலேன்னா, எம் மச்சினன் அங்கனதான் நின்னு பீடி குடிச்சிருப்பான்.”

“அப்போ கனத்த உள்ள தூக்கிட்டுப் போவியளோ?”

“அதான் யோசிக்கேன்.”

இன்ஜினீயர் போய் அந்த உருளை ஏணியைப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு கண்டெய்னருக்குள் விரித்தார். நூல் அட்டைப்பெட்டி ஒன்றை அதன் மேல் வைத்து, ஒரு விரலால் தள்ளினார். பெட்டி வெயிலிலிருந்து இருட்டுக்குள் தன் பாட்டுக்கு உருண்டு போய் உள்கோடியில் ‘தொம்’ என்று நின்றது.

மம்சாபுரத்துக்காரர் வாயைப் பிளந்தார். “ஏலே, இத மொதல்லயே குடுத்திருக்கலாம்லா! எம்புட்டு வருசமாடா சொமந்தோம்! இறக்குங்கலே அம்புட்டையும்!”

சரக்கை மாற்றி அடுக்கினார்கள். தூக்கினேன். ஒட்டகம் கத்தவில்லை. சாக்கடைச் சரிவில் அதே இடத்தில் இடது பக்கம் ஒடித்தேன். முழங்கை குளிருமா என்று காத்திருந்தேன். குளிரவில்லை. நான்கு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன.

சுபேதார் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வச்சுக்கிடுதோம். சுவிட்சோடயே.” முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு லட்டுக்கு ஆள் அனுப்பினார். யார்டே கைதட்டியது. கூண்டிலிருந்து இறங்கப் போனேன்.

“இறங்காதீங்க அண்ணாச்சி,” என்றார் இன்ஜினீயர். சரிவான அந்த இடத்தைச் செருப்பால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது காஞ்ச தரை. ஐப்பசியில இப்படியா இருக்கும்?”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முதலாளி, “அம்மா தல்லீ...” என்று ஆரம்பித்தார்.

சுபேதார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தரையைப் பார்த்தார், ஒட்டகத்தைப் பார்த்தார். பிறகு யார்டே அதிரக் கத்தினார்:

“ஏலே, நிக்கீங்களே! தண்ணிக் குழாய இழுத்துட்டு வாங்கலே! எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க!”